செல் போடாத காது மெஷின்

காது விஷயத்தில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று ஒரு காலத்தில் நினைத்துக்கொண்டிருந்தேன். என் பிழைப்பே காதுதான். எண்பதுகளின் கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தேன். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஊரார் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருக்கிற வேலை. வெளியூருக்கு டிரங்க் கால் கேட்கிறவர் சொன்னது விருதுநகரா விருத்தாசலமா என்று அத்தனை இரைச்சலுக்குள்ளிருந்தும் பிரித்து எடுத்துவிடுவேன். என் பேச்சும் அதற்கேற்றபடி ஆகிப்போனது. வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு எழுத்தையும் அழுத்தித் திருத்தமாகச் சொல்லுவேன். வீட்டிலும் அதே பேச்சுதான். "நீ திட்டுனாக்கூட எழுத்துக்கூட்டித்தான் திட்டுத" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார்.

அப்படிப்பட்ட எனக்கு, என்னைப் பெற்ற அப்பாவுக்கு எது கேட்கிறது, எது கேட்கவில்லை என்று தெரியாமல் இருந்தது. 

அப்பா ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். நூல் நூற்கிற ரிங் பிரேம் மெஷின்கள் ஓடுகிற பகுதி. அந்த மெஷின்கள் ஓடும்போது உள்ளே போய் நின்றால் நம் சத்தம் நமக்கே கேட்காது. ரிட்டயராகி வெளியே வந்தபோது காதை அங்கேயே கொடுத்துவிட்டுத்தான் வந்தார். அம்மா இறந்த பிறகு அவரை யார் வைத்துக்கொள்வது என்று பேச்சு வந்தது. அண்ணன் தேவதானத்தில் வயலைப் பார்த்துக்கொண்டு இருந்தான். மகன் இருக்கும்போது மகள் வீட்டில் போய் உட்காருவதாவது என்று சொந்தபந்தம் எல்லாம் முகத்தைச் சுளித்தது. அப்பாவுக்கோ ராஜபாளையத்தை விட்டுப் போக இஷ்டமில்லை. நான் எல்லோரிடமும் மல்லுக்கட்டி அவரை அந்த ஊரிலேயே இருந்த என் வீட்டுக்கு அழைத்து வந்தேன். கடைசி வரைக்கும் என்னிடம்தான் இருப்பார் என்று அண்ணனிடம் சவால் விடாத குறையாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

அப்பாவுக்கு முதுகுக்குப் பின்னால் பாத்திரம் விழுந்தாலும் தெரியாது. ஆனால் எதிரில் நின்று நான் உரக்கப் பேசினால் சரியாகப் பதில் சொல்லுவார். என் வீட்டுக்காரர் எவ்வளவு கத்தினாலும் "என்னது? என்னது?" என்பார். "மக பேசுனா மட்டும் காது வேலை செய்யுது" என்று வீட்டுக்காரர் பாதி விளையாட்டாகவும் பாதி வருத்தமாகவும் சொல்லுவார். ஆக, அப்பாவிடம் பேசவேண்டியதைக் கத்திப் பேசினோம். அவருக்குத் தெரியக்கூடாததைக் குரலைத் தாழ்த்திப் பேசினோம், அவர் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டு. சாப்பாட்டுத் தட்டுக்கு அந்தப் பக்கம் அப்பா, இந்தப் பக்கம் நாங்கள். அவருடைய இருமலைப் பற்றி, மருந்துச் செலவைப் பற்றி, என் மாமியார் என்ன சொன்னார்கள் என்பதைப் பற்றி எல்லாம் அவர் முகத்துக்கு நேராகவே கிசுகிசுத்தோம்.

அப்பாவுக்குக் காலையில் பஞ்சு மார்க்கெட் பக்கம் நடந்து போய் ஒரு டீ குடிக்க வேண்டும். அதுதான் எனக்குப் பெரிய திகிலாக இருந்தது. தென்காசி ரோட்டில் பஸ்காரன் ஹாரனை அமுக்கிக்கொண்டே வருவான், அப்பா பாட்டுக்கு நடுரோட்டில் நடப்பார். நானும் என் வீட்டுக்காரரும் வேலைக்குப் போய்விடுவோம். அவர் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதினார், எனக்கோ ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் பிடிக்க வேண்டும். ஹெட்செட்டில் "சொல்லுங்க" என்று சொல்லும்போதெல்லாம், ராஜபாளையத்திலிருந்து யாராவது அப்பா அடிபட்டுவிட்டார் என்று சொல்லப்போகிறார்களோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

அதனால் மதுரைக்கு அழைத்துப் போய்க் காதைச் சோதித்து ஒரு மெஷின் வாங்கினேன். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி. சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். அதிலிருந்து ஒரு வயர் மேலே போய்க் காதில் முடியும். பென் டார்ச்சுக்குப் போடுகிற செல்தான் அதற்கும். அப்பா அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"எனக்கு எல்லாம் கேக்குட்டி. இந்த மூக்கணாங்கயித்தை எனக்கு மாட்டாத" என்றார்.

எல்லாம் கேட்கிறதாம்! எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. கிழவர்கள் எல்லோரும் சொல்வதுதானே என்று நினைத்தேன். கெஞ்சினேன், மிரட்டினேன், ஒருநாள் பேசாமல்கூட இருந்து பார்த்தேன். மெஷின் இரண்டு மாதம் பீரோவிலேயே கிடந்தது.

நான் பயந்தது ஒருநாள் நடந்தது. லாரி ஒன்று பிரேக் போட்டு நிற்க, அப்பா சுதாரிக்காமல் விழுந்து முழங்கால் சிராய்த்துக்கொண்டார். லாரி மேலே ஏறவில்லை, அவ்வளவுதான். எனக்குப் போன் வந்து, பாதி வேலையில் ஓடி வந்தேன். மத்தியானம் அப்பாவுக்குச் சோறு போட்டு எதிரில் உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரரும் வந்திருந்தார்.  வழக்கம்போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டு அவரிடம் கொட்டித் தீர்த்தேன்.

"என்னால ஏலலை. மெஷினை மாட்ட மாட்டேன்னா நான் என்ன செய்ய? தேவதானத்துக்கே போயிரட்டும். ரோட்டுல அடிபட்டுக் கிடந்தா ஊரு என்னையத்தானே ஏசும். அம்மா போய்ச் சேந்தது நல்லதாப் போச்சு. இதையெல்லாம் பாக்கணும்னு தலையெழுத்து இல்ல."

அப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்சம் ரசம் வேண்டுமோ என்று நினைத்து ஊற்றினேன்.

மறுநாள் காலையில் அவராகவே பீரோவைத் திறந்து மெஷினை எடுத்து மாட்டிக்கொண்டு வந்து நின்றார். காதில் வயரோடு அவரைப் பார்த்ததும் எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. அப்பா வழிக்கு வந்துவிட்டார், இனி தேவதானம் பேச்சே இல்லை என்று குதியாட்டம் போட்டேன். எக்ஸ்சேஞ்சில் எல்லோரிடமும் சொன்னேன். வேலை முடிந்ததும் ஆண்டாளுக்கு ஒரு மாலை வாங்கிச் சாத்திவிட்டு பஸ் ஏறினேன். தெருவில் அப்பா ரேடியோ கேட்கிறார் என்று நினைத்து கிரிக்கெட் ஸ்கோர் என்ன என்று கேட்டவர்களும் உண்டு. அப்பா எல்லோருக்கும் தலையை ஆட்டிக்கொண்டு போவார்.

அடுத்து வந்த நாலு மாதம் எனக்கு இன்றைக்கும் புரிந்து தொலையாத நாலு மாதமாக இருந்திருக்கும், பிறகு நடந்தது நடக்காமல் இருந்திருந்தால். மெஷின் வந்த பிறகு அப்பாவுக்கு முன்னைவிட மோசமாகிவிட்டது. காதுதான் வந்துவிட்டதே என்று அடுப்படியில் நின்றபடி கேட்டேன், முதுகைக் காட்டிக்கொண்டு துணி மடித்தபடி கேட்டேன், குளியலறையிலிருந்து கேட்டேன். பதிலே வராது. வந்தாலும் நான் கேட்டதற்குச் சம்பந்தம் இருக்காது. சோறு வைக்கவா என்றால் மழை வரவில்லை என்பார்.

"மெஷினை மாட்டியும் கேக்கலைன்னா கோளாறு காதுல இல்ல, மனசுலதான்" என்று என் வீட்டுக்காரர் சலித்துக்கொண்டார்.

நானும் பொறுமை இழந்து ஒருநாள், "எதுக்குத்தான் அதை மாட்டியிருக்கீங்க, அழகுக்கா?" என்று கத்திவிட்டேன். அப்பா பெட்டியைச் சட்டைப் பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளி வைத்துக்கொண்டார்.

ஒருநாள் எனக்கு லீவு. அப்பாவோடு மில்லில் வேலை பார்த்த கூட்டாளி ஒருவர் பார்க்க வந்தார். அவரை உட்கார வைத்துவிட்டுக் காபி போடப் போனேன். ஹாலில் பேச்சுச் சத்தமே இல்லை. பாவம், என்ன பேசுவதென்று தெரியாமல் இரண்டு பேரும் உட்கார்ந்திருக்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டு டம்ளர்களை எடுத்துக்கொண்டு வந்தேன்.

வாசல்படியிலேயே நின்றுவிட்டேன்.

இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள். சத்தமில்லாமல். வாய் மட்டும் வேகவேகமாக அசைந்தது. ஹாலின் இந்த மூலையில் அப்பா, அந்த மூலையில் அவர். அவர் ஏதோ சொல்ல, அப்பா தொடையைத் தட்டிக்கொண்டு குலுங்கிச் சிரித்தார். அப்பா வாயை அசைக்க, அவர் தலையில் அடித்துக்கொண்டு பதில் சொன்னார். நாலு மாதமாக ஒரு கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்லாத மனிதர் சளைக்காமல் பேசிக்கொண்டிருந்தார். காது மெஷின் கழற்றி ஸ்டூலின்மேல் கிடந்தது.  சூடான டம்ளரைப் பிடித்திருக்கிறேன் என்பதே விரல் சுட்ட பிறகுதான் தெரிந்தது.

கூட்டாளி புறப்பட்டபோது வாசல் வரைக்கும் கூடவே போனேன். என்ன அது என்று கேட்டேன். அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"தெரியாதா தாயி? ரிங் பிரேம்ல வாயைப் பாத்துத்தான் பேச்சு. காதை வச்சு அங்க என்ன செய்ய? உங்கப்பா அதுல கெட்டிக்காரரு. நாலு பிரேம் தள்ளி நின்னு மேஸ்திரியைத் திட்டி வஞ்சாலும் என்ன வஞ்சோம்னு சொல்லிப்புடுவாரு. மீசைக்காரன் வாயி மட்டும் அவருக்குப் பிடிபடாது."

என் வீட்டுக்காரருக்கு மேலுதட்டை மூடுகிற மீசை. 

"அப்ப, மெல்லப் பேசுனா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"மெல்ல என்ன, சத்தமா என்ன? வாயி அசைஞ்சாப் போதும். ஒன் வாயி கண்ணாடி மாரி இருக்குன்னு பெருமையாச் சொல்லுவாரே." சொல்லிவிட்டு அவர் கொஞ்சம் தயங்கினார். செருப்பில் பாதி காலை நுழைத்தபடி நின்றார். "நான் கேக்கக் கூடாது. இருந்தாலும் மனசு கேக்கல. பெத்த தகப்பன் போய்ச் சேந்தா நல்லதுன்னு நீ சொல்லியிருக்க வேண்டாம் தாயி. வெள்ளிக்கிழமை தேவதானத்துக்குப் போறேங்காரு. மகன்கிட்டக்கூட இன்னும் சொல்லலையாம். மெஷினை மாட்டுனாலாவது மக மனசு மாறும்னு பாத்தாராம்."

நான் எப்போது அப்படிச் சொன்னேன் என்று கேட்கப் போனேன். அவர் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நடந்துவிட்டார். தெருவிலேயே நின்றுகொண்டிருந்தேன். இத்தனை நாளும் அவர் முகத்துக்கு நேராக நான் கிசுகிசுத்ததெல்லாம் வரிசையாக வந்து நின்றது. இருமல், மருந்து, மாமியார், அவர் வேட்டியில் வருகிற வாடை. அப்படியே பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்றிருந்தது. எல்லாம் சொன்னதுதான். ஆனால் அப்பா சாக வேண்டும் என்று சொல்லவில்லை. சத்தியமாகச் சொல்லவில்லை.

உள்ளே ஓடி வந்து பீரோக் கண்ணாடி முன்னால் நின்றேன். அந்த மத்தியானம் பேசியதை ஒவ்வொரு வார்த்தையாகக் குரல் இல்லாமல் சொல்லிப் பார்த்தேன். "அம்மா போய்ச் சேந்தது நல்லதாப் போச்சு." திரும்பவும் சொன்னேன். பிறகு "அப்பா" என்று சொன்னேன். "அம்மா" என்று சொன்னேன். கண்ணாடிக்குள் இருந்தவள் இரண்டு தடவையும் ஒரே மாதிரி வாயைத் திறந்து, உதட்டை மூடி, மறுபடி திறந்தாள்.

எத்தனை தடவை சொல்லிப் பார்த்தேனோ தெரியாது. எவ்வளவு திருத்தமாகச் சொன்னாலும் உதட்டுக்கு அம்மாவும் அப்பாவும் ஒன்றுதான். கொஞ்சம் பிடிபட்டால் மிச்சத்தை அவராகவே சேர்த்துக்கொண்டிருப்பார். தேவதானத்துக்குப் போகட்டும் என்று சொன்ன வாய் அடுத்ததாக வேறு என்ன சொல்லும் என்று நினைத்திருப்பார்?  இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் வாய் அப்படிச் சொல்லவில்லை. மனசு எப்போதாவது, ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கும்போதோ, லேட்டாகி பஸ்ஸுக்கு ஓடும்போதோ, ஒரு நொடி நினைத்ததே இல்லை என்று கற்பூரம் அடித்துச் சொல்ல என்னால் முடியாது. அதனால்தான் அவ்வளவு பயந்தேன்.

அதே பீரோவில் மேல்தட்டில் நான் மதுரையில் வாங்கிய செல் பாக்கெட் கிடந்தது. நாலு செல். பிரிக்கவே இல்லை. மெஷினோடு வந்த ஒரு செல்லே நாலு மாதம் வருகிறதே, நல்ல மெஷின் என்று நானே பெருமை அடித்திருக்கிறேன். பாக்கெட்டை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்து ஸ்டூலில் கிடந்த பெட்டியின் பின்மூடியைத் திறந்தேன். உள்ளே காலியாக இருந்தது.

அப்பா தன் அறையில் கட்டிலில் உட்கார்ந்து வேட்டியை மடித்து மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். போய் எதிரில் தரையில் உட்கார்ந்தேன். பெட்டியை நீட்டி, எதற்காகச் செல் போடவில்லை என்று கேட்டேன். பழக்கத்தில் கத்தித்தான் கேட்டேன்.

"போட்டா மறுபடி மில்லுக்குள்ள போன மாதிரி இரையுதுட்டி. ஃபேனு இரையுது, குக்கர் இரையுது, ஒன் வளையல்கூட இரையுது. ஒண்ணும் வெளங்கல. நீ ஆசைப்பட்டியேன்னு மாட்டிக்கிட்டேன்."

"அப்பா, நான் அன்னைக்கு உங்களைச் சொல்லல. நான் அம்மாவைத்தான் சொன்னேன்."

அவர் என் வாயைப் பார்த்தார். முகத்தில் கோபம் எதுவும் இல்லை.

"ஆமாட்டி, அப்பாவைத்தான் சொன்ன. நான் இல்லன்னு சொல்லலையே. தப்பா ஒண்ணும் சொல்லிறல. எம்புட்டு நாளைக்குத்தான் நீயும் பாப்ப."

"அப்பாவை இல்ல, அம்மாவை! அம்மாவை!"

"சரிட்டி. நானும் அதைத்தான் சொல்லுதேன்."

வார்த்தை ஒவ்வொன்றும் அவரிடம் போய் மாறி விழுந்துகொண்டிருந்தது. எழுதிக் காட்டலாம் என்றால் அப்பாவுக்குக் கையெழுத்தைத் தவிர எழுத்து தெரியாது. சுவரில் இருந்த அம்மாவின் போட்டோவைக் கையால் காட்டினேன். அதைப் பார், அவளைத்தான் சொன்னேன் என்று. அப்பா போட்டோவைப் பார்த்தார்.

"ஆமா. அவகிட்டத்தான் போகணும். தெனமும் அதைத்தான் கேக்கேன். கூப்பிட மாட்டேங்கா" என்றார்.

 நான் கையைக் காட்டியதற்கு அவர் எடுத்துக்கொண்ட அர்த்தம் அது. அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை. பாக்கெட்டைப் பல்லால் கிழித்துச் செல்லைப் பெட்டிக்குள் போட்டேன். அவசரத்தில் ஒருமுறை கீழே விழுந்தது. எழுந்து ஃபேனை நிறுத்தினேன். ஜன்னலைச் சாத்தினேன். வளையலைக் கழற்றி மெத்தைமேல் போட்டேன். அப்பா வேண்டாம் வேண்டாம் என்று தலையைத் திருப்பினார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு வயரைக் காதில் செருகிவிட்டேன். பெட்டியை என் வாயருகே வைத்துக்கொண்டு சொன்னேன்.

"அம்மா."

அப்பா முகத்தைச் சுளித்தார். நான் சத்தத்தைத் திருகிக் குறைத்தேன். எக்ஸ்சேஞ்சில் லைன் சரியில்லாதவர்களிடம் பேசுவது போல நிறுத்தி நிதானமாகத் திரும்பவும் சொன்னேன். அந்த 'ம்'மை எவ்வளவு நேரம் இழுக்க முடியுமோ அவ்வளவு நேரம் இழுத்தேன்.

"அம்ம்ம்மா. அம்ம்ம்மாவைச் சொன்னேன்."

அவர் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். முப்பது வருடம் கண்ணால் கேட்டவர்.

"இன்னொரு மட்டம் சொல்லு" என்றார்.

சொன்னேன். அவர் உதடு என்னோடு சேர்ந்து 'ம்' என்று அசைந்தது. இன்னொரு தடவை சொன்னேன்.  "அம்மா போய்ச் சேந்ததுதான் நல்லது. அம்மா."

"அவளையா?" என்றார் அப்பா. "அவளையா சொன்ன?"

"ஆமாப்பா. அம்மாவை."

 மடித்த வேட்டியை அப்பா கையில் பிடித்தபடியே இருந்தார். கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் வந்தது போய்விடும் என்று பயந்தாரோ என்னவோ.

"அப்ப நான் இங்கனயே இருக்கட்டுமாட்டி?"

எனக்குக் குரல் வரவில்லை. ஊரெல்லாம் பேசிப் பிழைக்கிற எனக்கு, அந்த ஒரு வார்த்தைக்குக் குரல் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன், திரும்பத் திரும்ப ஆட்டினேன். கண்ணை மூடியிருந்தவருக்கு அது தெரியவில்லை. வயர் மாட்டிய காதை என் பக்கம் சாய்த்து, என் பதிலுக்காகக் காத்துக்கொண்டே இருந்தார்.